கடவுளுக்கு ஏன் உடையில்லை? சமயக் கலையில் நிர்வாணத்தைப் புரிந்துகொள்வது

தமிழில் 'நிர்வாணம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, உடம்பில் பொட்டுத் துணி இல்லாத நிலை. இன்னொன்று முக்தி, புத்தர் அடைந்தார் என்று சொல்கிறோமே அந்த வீடுபேறு. வடமொழியில் இதற்கு அணைந்துபோவது என்று பொருள், எண்ணெய் தீர்ந்த விளக்கு அணைவதுபோல ஆசைகள் அணைவது. 'அம்மணம்' என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள், உடையைத் துறந்த சமண முனிவர்களை 'அமணர்' என்று அழைத்த வழக்கத்தோடுதான் அகராதிக்காரர்கள் அதை இணைக்கிறார்கள். நாம் குரலைத் தாழ்த்திச் சொல்லும் இரண்டு சொற்களுமே துறவியின் பக்கத்திலிருந்து வந்தவை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

கோயில் தூணிலோ அருங்காட்சியகத்திலோ நிர்வாணச் சிற்பத்தைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். சிலர் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவரை இடித்துச் சிரிப்பார்கள், இன்னும் சிலர் 'அந்தக் காலத்தில் எல்லாம் திறந்த மனசோடு இருந்தார்கள்' என்று பொத்தாம்பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மூன்றிலுமே சிற்பத்தை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் நிர்வாணம் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் ஒரே பொருளைச் சொல்வதில்லை. ஒரே சமயத்துக்குள், ஒரே சுவரில்கூட இரண்டு நிர்வாண உடல்கள் நேரெதிரான விஷயங்களைச் சொல்லும்.

அதனால் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு கேள்வியை மட்டும் கையில் கொடுக்கிறேன். இந்த உடம்பிலிருந்து துணி போனபோது, அதோடு சேர்ந்து வேறு என்ன போயிற்று? சொத்தா, பதவியா, வெட்கமா, மானமா? இல்லை, எதுவும் போகவில்லை, எதையோ காட்டுவதற்காகத்தான் துணி விலகியிருக்கிறதா?

இந்தக் கேள்வி என் கண்டுபிடிப்பு இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் பியேர் பெர்சுயிர் என்ற பிரெஞ்சுத் துறவி நிர்வாணத்தை நான்காகப் பிரித்து வைத்தார். மனிதன் பிறந்தபடி இருப்பது இயற்கை நிர்வாணம். வறுமையாலோ, தானாக விரும்பியோ உலகப் பொருட்கள் இல்லாமல் இருப்பது ஒரு வகை. மனதில் கள்ளமில்லாததன் அடையாளமாக இருப்பது இன்னொன்று. காமத்தையும் பகட்டையும் காட்டும் நிர்வாணம் நான்காவது. கிறிஸ்தவர்களுக்காகச் செய்த பாகுபாடுதான், ஆனால் வெளியேயும் வியக்கும் அளவுக்குப் பொருந்துகிறது. ஒரே ஒரு இடத்தில் இந்தப் பட்டியல் கைவிட்டுவிடும், அதை அப்புறம் பார்ப்போம்.

முதலில் சிரவணபெளகொளா பாகுபலி. கர்நாடகத்தில் விந்தியகிரி என்ற பாறைக் குன்றின் உச்சியில், ஒரே கருங்கல்லில் செதுக்கிய 57 அடி உயரச் சிலை. கங்க மன்னர்களின் அமைச்சர் சாவுண்டராயர் கி.பி. 981-ஐ ஒட்டி செய்வித்தது. கதை எளிமையானது. சமணத்தின் முதல் தீர்த்தங்கரரான, அதாவது வீடுபேற்றுக்கு வழிகாட்டும் முதல் குருவான, ரிஷபதேவரின் மகன் பாகுபலி, அண்ணன் பரதனோடு நாட்டுக்காக மோதுகிறார், ஜெயிக்கும் தறுவாயில் 'இதற்காகவா அண்ணனை அடிக்கப் போனேன்' என்று மனம் கசந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு நின்றுவிடுகிறார். நின்றார் என்றால் அப்படியே அசையாமல், எத்தனையோ காலம்.

சிலையின் அருகே போனால் அந்தக் காலம்தான் முதலில் கண்ணில் படும். பாதத்தின் இரு பக்கமும் புற்று வளர்ந்திருக்கிறது, புற்றிலிருந்து பாம்புகள் தலைநீட்டுகின்றன. ஒரு கொடி காலைச் சுற்றி ஏறி, தொடையைக் கடந்து, கையைச் சுற்றிக்கொண்டு மேலே போகிறது. கைகள் தொடையில் ஒட்டாமல் கொஞ்சம் விலகித் தொங்குகின்றன. இந்த நிலைக்குச் சமணத்தில் காயோத்சர்க்கம் என்று பெயர், காயத்தை, அதாவது உடம்பையே விட்டுவிடுவது. கொடி தன்மேல் படர்வதுகூட அவருக்குத் தெரியவில்லை. உடையைக் கழற்றியது இந்தப் பயணத்தில் முதல் படிதான், கடைசியில் உடம்பையும் கழற்றி வைத்துவிட்டார் என்று சிற்பி சொல்கிறான். இந்த உடம்பில் தசைமுறுக்கு இல்லை, நரம்பு புடைக்கவில்லை, வீரம் காட்டவில்லை. ஆணுறுப்பு காதைப்போல, விரலைப்போல உடம்பில் இன்னொரு உறுப்பாக இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை, எடுத்துக்காட்டவும் இல்லை. இங்கே துணியோடு போனது உடைமை என்ற எண்ணம்.

உடைமை என்றால், ஒரு கோவணம்கூடவா உடைமை? கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டுமென்று பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கல்யாணமும் செய்துகொண்ட சந்நியாசி கதை நமக்குத் தெரியுமே, அதுதான் சமணத்தில் உடை துறந்த பிரிவினரான திகம்பரர்களின் வாதம். துணி இருந்தால் துவைக்க வேண்டும், உலர்த்த வேண்டும், கிழிந்தால் தைக்க வேண்டும், யாராவது எடுத்துக்கொண்டால் மனம் துணுக்குறும். ஆகவே திசைகளே ஆடை, திக் அம்பரம். வெள்ளாடை உடுத்தும் சுவேதாம்பரர்கள் இதை ஏற்கவில்லை. அவர்களுடைய தீர்த்தங்கரர் படிமங்களில் இடுப்பில் ஒரு துணிக் கோடாவது தெரியும், கண்களும் பல இடங்களில் பதித்துவைத்ததாக, நம்மை நேராகப் பார்ப்பதாக இருக்கும். ஒரே சமயம், ஒரே தீர்த்தங்கரர்கள், இடுப்பில் ஒரு கோடு இருக்கிறதா இல்லையா என்பதில் தத்துவமே பிரிகிறது. அந்தக் கோட்டைத் தேடிப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இதற்கு அப்படியே சோடியாக இத்தாலியில் ஒரு சுவரோவியம் இருக்கிறது. அசிசி நகரத்துப் பிரான்சிஸ் ஒரு துணி வியாபாரியின் மகன். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்பாவின் சொத்து வேண்டாம் என்று முடிவெடுத்தபோது, ஊர் ஆயர் (பிஷப்) முன்னால் தான் உடுத்தியிருந்த துணியையும் கழற்றி அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார். அசிசி பேராலயத்தின் மேல்தளத்தில் அந்தக் காட்சி வரையப்பட்டிருக்கிறது. கழற்றிய துணியைக் கையில் அள்ளிக்கொண்டு அடிக்கப் பாயும் அப்பா, அவர் கையை இழுத்துப் பிடிக்கும் ஒருவர், எதிரே வானத்தை நோக்கிக் கைகூப்பி நிற்கும் பிள்ளை, அவன் இடுப்பைத் தன் அங்கியால் அவசரமாக மூடும் ஆயர். பிள்ளையின் தோலைவிட அப்பாவின் கையில் இருக்கும் அந்தத் துணி மூட்டைதான் என் கண்ணை இழுக்கிறது. துணி வியாபாரியிடம் வேறு எதைத் திருப்பிக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

சரி, துறவு ஒரு பக்கம். சைவத்தில் பிச்சாடனர் இருக்கிறார், அவரும் நிர்வாணம்தான், ஆனால் அவர் துறவியா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. தாருகாவனத்து முனிவர்கள் யாகத்தின் பலன் எல்லாம் தருகிறது, கடவுள் எதற்கு என்று இறுமாந்திருந்தபோது சிவன் அழகான இளைஞனாக, உடையின்றி, பிச்சைப் பாத்திரத்தோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். முனிபத்தினிகள் தங்களை மறந்து பின்னாலேயே போகிறார்கள். முனிவர்களுக்கு வந்த கோபத்தில் அவர்களுடைய தவத்தின் பவிசு வெளுத்துவிடுகிறது. சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் அவரை அடையாளம் கண்டுகொள்வது எளிது: இடுப்பில் துணிக்குப் பதிலாகப் பாம்பு, கையருகே துள்ளும் மான், பக்கத்தில் பாத்திரத்தைத் தலையில் தாங்கிய குட்டைப் பூதம், காலில் பாதுகை. உடம்பில் துணியில்லை, காலில் செருப்பு இருக்கிறது. வழிநடக்க வந்தவர், நிலைத்து நிற்க வந்தவரில்லை என்பதை அந்தப் பாதுகை சொல்லிவிடுகிறது. இங்கே நிர்வாணத்தால் கழன்று விழுவது அவருடைய உடைமை இல்லை, எதிரே நிற்கும் முனிவர்களின் ஆணவம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தச் செப்புத்திருமேனியை அருங்காட்சியகத்தில் விளக்கொளியில் நாம் பார்ப்பதுபோல அந்தக் காலத்துப் பக்தர்கள் பார்க்கவில்லை. உற்சவருக்கு அபிஷேகம் முடிந்ததும் பட்டு, நகை, மாலை என்று அலங்காரம் ஆகிவிடும், வீதியில் வரும்போது முகமும் கையும் பாதமும் தெரிந்தாலே பெரிது. சிற்பி அத்தனை நுணுக்கமாக வார்த்த உடம்பு அபிஷேக நேரத்தில்தான் வெளியே தெரியும். ஜப்பானிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். நாரா நகரத்து தென்கோஜி கோயிலில் கி.பி. 1228-ல் செய்த ஜிசோ என்ற போதிசத்துவரின் மரச்சிலை இருக்கிறது, உடையில்லாமல் செதுக்கியது, உண்மையான துணியை உடுத்துவதற்காகவே அப்படிச் செதுக்கியது. ஆண்டுக்கொரு முறை ஜூலையில் அதற்குப் புதுத்துணி மாற்றும் சடங்கு இன்றும் நடக்கிறது. பௌத்தம் பிக்குகள் நிர்வாணமாகத் திரிவதைக் கண்டித்த சமயம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிலைக்குத் துணி மாற்ற வேண்டும் என்றால் அது குழந்தையையோ வயதான அப்பாவையோ கவனிப்பதுபோல ஆகிவிடுகிறது. கழற்றுவதும் உடுத்துவதும் அங்கே பணிவிடை.

இப்போது பெர்சுயிரின் பட்டியல் கைவிடும் இடத்துக்கு வருவோம். சாஞ்சி பெரிய தூபத்தின் கிழக்குத் தோரணத்தில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் செதுக்கிய ஒரு யட்சி, அதாவது மரத்தில் உறையும் பெண் தெய்வம், மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு வளைந்து தொங்குகிறாள். முதல் பார்வையில் நகை மட்டும் அணிந்தவள், உற்றுப் பார்த்தால் மெல்லிய துணியின் விளிம்புக் கோடுகள் தெரியும். பிரம்மசரியம் காக்கும் பிக்குகளின் புனித இடத்து வாசலில் இப்படி ஒருத்தி ஏன்? அவளிடமிருந்து எதுவும் போகவில்லை, அதுதான் பதில். பெண்ணின் கால் பட்டால் மரம் பூக்கும் என்பது பழைய நம்பிக்கை. அவள் உடம்பு மங்கலம், மழை, விளைச்சல், பிள்ளைப்பேறு. வாசலில் மாவிலைத் தோரணமும் பூரணகும்பமும் செய்யும் வேலையை அவள் செய்கிறாள். துறவு, பாவம், வெட்கம் என்ற அளவுகோல்களை எடுத்துக்கொண்டு போனால் அவளைப் புரிந்துகொள்ளவே முடியாது.

இந்த வரிசையில்தான் லஜ்ஜா கௌரியும் வருகிறாள். தக்காணத்தில் 6-ஆம் நூற்றாண்டையொட்டிப் பல இடங்களில் கிடைக்கும் தேவி, தலை இருக்க வேண்டிய இடத்தில் மலர்ந்த தாமரை, பிரசவத்துக்கு இருப்பதுபோலக் கால்களை அகற்றிய நிலை. முகமே இல்லாததால் அவள் ஒரு குறிப்பிட்ட பெண்ணாக இல்லாமல், பிறப்பு என்ற நிகழ்ச்சியாகவே ஆகிவிடுகிறாள். அவள் பெயரில் லஜ்ஜை, அதாவது வெட்கம், வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, உருவத்தில் அதன் சுவடே கிடையாது. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் இடைக்காலத் தேவாலயச் சுவர்களில் ஷீலா-ன-கிக் என்ற உருவம் இதேபோலத் தன் பெண்குறியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காமத்தின் அருவருப்பைக் காட்டும் எச்சரிக்கை என்று சிலர் சொல்கிறார்கள், கெட்டதை விரட்டும் காவல் என்று சிலர். கண்ணேறுக்குப் பூசணிக்காய் கட்டும் நமக்கு இரண்டாவது விளக்கம் அந்நியமாகத் தெரியாது.

கஜுராஹோவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். அங்கே புணர்ச்சிச் சிற்பங்கள் மொத்தச் சிற்பங்களில் சிறு பகுதிதான், அதோடு அது காமத்தைப் பற்றிய தனிப் பேச்சு. நிர்வாணமும் காமமும் ஒன்று என்று நினைப்பதுதான் இந்தப் பொருளைப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் இறக்கிவைக்க வேண்டிய சுமை.

இன்றைய இராக்கை ஒட்டிய பழைய மெசபடோமியாவில் ஒரே நிலத்துக்குள்ளேயே மூன்று நிர்வாணங்களைப் பார்க்கலாம். ஊருக் நகரத்தில் கிடைத்த, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள, 5,000 ஆண்டுப் பழமையான வார்கா ஜாடியில், கூடையும் குடமும் ஏந்திய ஆண்கள் உடையில்லாமல் வரிசையாக இனன்னா தேவிக்குக் காணிக்கை கொண்டுபோகிறார்கள். அது சந்நிதிக்குப் போகும் தூய்மை. பிற்பாடு அக்காடியர் காலக் கற்பலகைகளில் கைகட்டப்பட்ட போர்க்கைதிகள் நிர்வாணமாக நடத்திச் செல்லப்படுகிறார்கள். அது பறிக்கப்பட்ட மானம். மூன்றாவது, அதே இனன்னா பாதாளத்துக்கு இறங்கும் புராணம். ஏழு வாயில், ஒவ்வொரு வாயிலிலும் ஒன்றைக் கழற்றச் சொல்கிறார்கள், முதலில் கிரீடம், அப்புறம் மணிமாலை, கடைசி வாயிலில் அரசியின் ஆடை. சாவின் முன்னால் தேவியே ஆனாலும் பதவியோடு போக முடியாது.

கிரேக்கர்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவர்களுடைய ஆண் தெய்வத்தின் உடம்பு உடற்பயிற்சிக்கூடத்து இளைஞனின் உடம்பு, அழகும் நன்மையும் ஒன்று என்று நம்பியதால் அதை மூட வேண்டிய காரணமே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் கி.மு. 6-ஆம் நூற்றாண்டுச் சிலைகளில் ஆண் உடையில்லாமல் நிற்பான், பெண் மடிப்பு வைத்த உடையோடு நிற்பாள். ஆளுயரப் பெண் தெய்வத்தை உடையில்லாமல் செதுக்க கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பிராக்சிடலீஸ் வர வேண்டியிருந்தது. அவர் உடையோடு ஒன்றும் உடையின்றி ஒன்றுமாக இரண்டு அஃப்ரோடைட்டி செய்ததாகவும், கோஸ் தீவினர் உடுத்தியதை வாங்கிக்கொண்டதாகவும், மற்றதை வாங்கிய நிடோஸ் நகரத்தின் புகழ் அதனால்தான் பரவியதாகவும் ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

கிறிஸ்தவக் கலைக்கு வந்தால் எல்லாம் ஆதாம் ஏவாளில் தொடங்குகிறது. பழத்தைச் சாப்பிடும் முன்னால் அவர்கள் நிர்வாணமாக இருந்தார்கள், வெட்கப்படவில்லை. சாப்பிட்ட பிறகும் அதே உடம்புதான், ஆனால் அத்தி இலையைத் தைத்து மூடிக்கொள்கிறார்கள். உடம்பு மாறவில்லை, பார்வை மாறிவிட்டது. பிளாரன்ஸ் நகரத்தில் பிரான்காச்சி சிற்றாலயத்துச் சுவரில் 1425 வாக்கில் மசாச்சோ வரைந்த ஓவியத்தில் இருவரும் தோட்டத்தை விட்டு வெளியேறுகிறார்கள். ஏவாள் வாயைத் திறந்து கதறுகிறாள், ஒரு கையால் மார்பையும் இன்னொரு கையால் இடுப்புக்குக் கீழேயும் மறைக்கிறாள். ஆதாம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறான், கீழே எல்லாம் திறந்துகிடக்கிறது, வயிறு ஒட்டி உள்ளே போயிருக்கிறது, அவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வெட்கம் முகத்தில் இருக்கிறது என்று காட்ட அவனை நிர்வாணமாகத்தான் வரைய முடியும். 1680 வாக்கில் யாரோ இரண்டு பேருக்கும் இலைகளை வரைந்து மூடிவிட்டார்கள். ஆதாமின் கை எதற்கு முகத்துக்குப் போகிறது என்ற அர்த்தமே இலையோடு மங்கிப்போயிற்று. 1980-களில் சுவரைச் சுத்தம் செய்தபோதுதான் இலைகள் நீங்கின.

கிறிஸ்தவத்தில் நிர்வாணம் என்றாலே பாவம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடாதீர்கள். தொடக்க நூற்றாண்டுகளில் உடை களைந்துதான் ஞானஸ்நானம் பெற்றார்கள், அது புதுப் பிறப்பு. ரவென்னா நகரத்து 5-ஆம் நூற்றாண்டு மொசைக்கில் இயேசு யோர்தான் ஆற்றில் இடுப்பளவு நீரில் உடையில்லாமல் நிற்கிறார், தண்ணீருக்குள்ளும் உடம்பு தெரிகிறது. மறுமலர்ச்சிக் காலத்தில் குழந்தை இயேசுவை மடியில் உடையின்றிக் காட்டியது, கடவுள் நிஜமாகவே மனித உடம்போடு பிறந்தார் என்று சொல்வதற்கு. நியாயத்தீர்ப்பு நாளில் கல்லறையிலிருந்து எழுபவர்களும் அப்படித்தான், ராஜாவானாலும் உழவனானாலும் ஒரே கோலம். பிரான்சில் ஒத்தன் நகரத்துத் தேவாலய வாசலில் 12-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் மட்டும் தோளில் பை மாட்டியிருக்கிறார்கள், ஒரு பையில் சிலுவை, இன்னொன்றில் சிப்பி. ஒருவர் எருசலேமுக்கும் மற்றவர் ஸ்பெயினில் உள்ள சந்தியாகுவுக்கும் யாத்திரை போய்வந்தவர்கள். உடை உட்பட எல்லாம் போன பிறகும் யாத்திரை போன பையைக் கையோடு கொண்டுவர அனுமதித்திருக்கிறான் சிற்பி. அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

அதே நியாயத்தீர்ப்பை மைக்கலாஞ்சலோ 1541-ல் சிஸ்டைன் சிற்றாலயத்தில் முடித்தபோது சண்டை வெடித்தது. 1563-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் புனிதப் படங்களில் ஆபாசம் கூடாது என்றது, மைக்கலாஞ்சலோ இறந்த மறு ஆண்டு அவருடைய நண்பர் தானியேலே தா வோல்தெர்ரா துணிகளை வரைந்து மூட வேண்டியதாயிற்று. அதற்காக அவருக்குக் 'கால்சட்டைக்காரர்' என்று பட்டப்பெயரே வந்தது, பாவம். புனித கேத்தரினுக்குச் சுவரைக் கொத்தி எடுத்துவிட்டுப் பச்சை உடையோடு புதிதாக வரைந்தார். அந்த இடத்தில் மைக்கலாஞ்சலோவின் கோடு இனித் திரும்பாது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. தெய்வமாக இருந்தால் காளி திகம்பரியாக நிற்கலாம். மனுஷியாக, துறவியாக ஒருத்தி உடையைக் களைந்தால் கலை உடனே எதையாவது எடுத்துப் போர்த்துகிறது. 12-ஆம் நூற்றாண்டுக் கன்னடத்து அக்கமகாதேவி எல்லாவற்றையும் விட்டு வெளியேறியவர், அவர் உருவங்கள் பலவற்றில் கூந்தல் உடம்பு முழுக்க மூடியிருக்கும். ஐரோப்பாவில் பாலைவனத்தில் தவம் செய்த மகதலேனா மரியாளையும் அப்படியே கூந்தலால் மூடினார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு கலைமரபுகள். பாகுபலிக்குக் கிடைத்த வெட்டவெளி இவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெண்ணால் முழு நிர்வாணத் துறவு பூண முடியாது, ஆகவே பெண் பிறவியிலேயே முக்தி இல்லை என்று திகம்பரர்கள் சொன்னதையும், சுவேதாம்பரர்கள் அதை மறுத்து 19-ஆம் தீர்த்தங்கரர் மல்லி ஒரு பெண்தான் என்று நம்புவதையும் இங்கே சேர்த்து வைத்துப் பாருங்கள்.

கடைசியாக எகிப்து. நூத் என்ற வான தேவி, உலகத்தின்மேல் பாலம்போல வளைந்து நிற்பவள், கைவிரலும் கால்விரலும் மட்டும் தரையைத் தொடும். மாலையில் சூரியனை வாயால் விழுங்குவாள், இரவெல்லாம் அது அவள் உடம்புக்குள் பயணம் செய்யும், விடியலில் பெற்றெடுப்பாள். ஆறாம் ராம்செஸின் கல்லறை அறைக் கூரையில் இரண்டு நூத்கள் முதுகோடு முதுகு ஒட்டி அறையின் நீளத்துக்குப் படுத்திருக்கிறார்கள், உடம்பின் நெடுகச் செஞ்சூரியன்கள். பிற்காலத்துச் சவப்பெட்டிகள் சிலவற்றில் அவளை மூடியின் உட்புறத்தில் முழு உயரத்துக்கு நிர்வாணமாக வரைந்திருப்பார்கள். மூடியைப் போட்டதும் அவள் இறந்தவரின்மேல் முகத்துக்கு நேர் முகமாக வந்து நிற்பாள், பெட்டியை அடைத்த பிறகு வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, உள்ளே படுத்திருப்பவர் அவள் வயிற்றிலிருந்து சூரியனைப்போல மறுபடி பிறக்க வேண்டும் என்பதற்காக வரைந்த உடம்பு அது.